காப்புறையைச் சோதித்தல்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிற் பேசுவோர் பெரும்பாலும் சமயம், மொழி, ஒழுக்கம் என்னும் பெரும்பொருள்களையே எடுத்துக்கொள்வர். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் எம் மூவருக்கும் அப்பொருள்களிற் பேசும் தகுதி இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே, கைக்குள் அடங்கும் ஒரு சிறு பையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கணினி, கைத்தொலைபேசி முதலியவற்றின் உறுப்புகளை இட்டு அனுப்பும் பை அது. அது தன்னுள் இருப்பதை மின்னின் தீங்கிலிருந்து காக்குமா, காக்காதா என்பதை எங்ஙனம் சோதித்தறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை நாம் தேடிச் சென்றதன்று. ஒரு தவறே எம்மை இதனிடம் கொண்டுவந்து சேர்த்தது. எமது ஊர் வாசிகசாலையில் ஒரு பழைய கணினி உண்டு. அது மெதுவாக இயங்குகின்றது என்று சிறுவர்கள் முறையிட்டபொழுது, நினைவகத் தகடு ஒன்றை வாங்கிப் பூட்டித் தருவதாக நாம் பொறுப்பேற்றோம். வாசிகசாலையை நெடுங்காலமாக நடத்திவரும் பெரியவர் சேர்த்து வைத்திருந்த பணத்தை எம்மிடம் தந்தார். தகட்டை வாங்கினோம். அதன் பை வழியிற் கிழிந்துபோனமையால், எம்முள் ஒருவர் அதனை எடுத்து லஞ்ச் சீற் பொலித்தீனிற் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குளிரூட்டிய பேருந்தில் ஊர் வந்து பூட்டினோம். கணினி நன்றாக இயங்கிற்று. எல்லாரும் எம்மைப் பாராட்டினர். சில வாரங்களுக்குள் அது தடுமாறத் தொடங்கிப் பின்னர் முற்றாக நின்றுவிட்டது. தகடு பழுதாகிவிட்டது.

நாம் பெரியவரிடஞ் சென்று நடந்ததை ஒளியாமற் சொன்னோம். "பொலித்தீனிற் சுற்றியது எமது பிழை, ஐயா. ஆனால் அதனாலேதான் பழுதானது என்று எம்மால் உறுதியாகச் சொல்லவும் முடியாது" என்றோம். அவர் கோபிக்கவில்லை. "அப்ப உந்தக் கடைக்காரர் தாற பை மட்டும் காக்குமோ? காக்கிற பை எது, காக்காத பை எது எண்டு எப்பிடித் தம்பியவை அறியிறது?" என்று கேட்டார்.

எமக்கு விடை தெரியவில்லை. பௌதிகத்தை ஒரு பாடமாகக் கற்றுப் பரீட்சையிலும் தேறிய நாம், ஒரு பையைப் பற்றிய கேள்விக்கு விடையின்றி நின்றோம். அந்நாள் தொட்டு நூல்களிலும் நியமங்களிலும் தேடிக் கற்றதன் சாரத்தையே இங்கு கூறவிருக்கின்றோம்.

நிலைமின் என்பது யாது?

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்பொழுது ஒன்றன் இலத்திரன்கள் சில மற்றையதற்குச் செல்கின்றன. இழந்தது நேரேற்றமும், பெற்றது மறையேற்றமும் அடைகின்றன. உராய்ந்தால் இது மிகும். பொருள் கடத்தியாயின், ஏற்றம் வழி கண்டவுடன் ஓடிவிடும். காவலியாயின், ஓட வழியின்றி அவ்விடத்திலேயே நிற்கும். நிற்பதனாலேயே நிலைமின் எனப் பெயர் பெற்றது. கிரேக்க நாட்டுத் தேலிசு என்பார் அம்பரைத் தேய்த்து இதனைக் கண்டார் என்பது மரபு. வில்லியம் கில்பேட்டு என்னும் ஆங்கில மருத்துவர் 1600 இல் வெளியிட்ட நூலில் இதனை முறையாக ஆராய்ந்தார்.

நாம் பயின்ற மிசன் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பொன்னிலை மின்காட்டி ஒன்று இருந்தது. எபனைற்றுக் கோலைக் கம்பளித் துணியில் தேய்த்து அருகிற் கொண்டுசென்றால் பொன்னிலைகள் விரியும். ஆனால் மாரிகாலத்தில் அப்பரிசோதனை பெரும்பாலும் சரிவராது. ஆசிரியர் கோலையும் துணியையும் வெயிலிற் காயவைத்து, விளக்கில் வாட்டி, மீண்டும் முயல்வார். ஈரக்காற்றிலே பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படை படிகின்றது. அதன் வழியே ஏற்றம் கசிந்துவிடுகின்றது. நாம் அன்று சிரித்து மறந்த இவ்வுண்மை, பையைச் சோதிக்கும் கலையின் நடுநாயகமாய் அமைவதைப் பின்னரே அறிந்தோம். அதனைச் சற்று நேரத்தில் எடுத்துரைப்போம்.

உணராத அடி

அன்பர்களே, நிலைமின் வெளிப்பாய்வை நம் விரல் உணர்வதற்கு ஏறக்குறைய 3000 வோல்ற்று வேண்டும். அதற்குக் குறைந்ததை நாம் உணர்வதேயில்லை. ஆனால் இன்றைய சிலிக்கன் சில்லுகளிலே மின்வாயிலுக்கு அடியில் உள்ள ஒட்சைட்டுப் படலம் சில நனோமீற்றர் தடிப்பே உடையது. ஒரு நனோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ற்று வீதமே அது தாங்கும். சில்லுகளுக்குள்ளே காவற்சுற்றுகள் அமைத்திருப்பினும் அவற்றின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. எஸ்20.20 என்னும் அமெரிக்க நியமம் 100 வோல்ற்றிலேயே சேதமுறக்கூடிய உறுப்புகளைக் காப்பதைத் தன் இலக்காகக் கொண்டுள்ளது. 3000 வோல்ற்று வந்தாலன்றி உணராத விரலால், 100 வோல்ற்றுக்கு அஞ்சும் பொருளை நாம் கையாளுகின்றோம். தீங்கு செய்தவருக்கே அது தெரிவதில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1980 இல் வெளியிட்ட கைந்நூல் ஒன்றிற் சில அளவுகள் தரப்பட்டுள்ளன. சாரீரப்பதன், அதாவது காற்றுக் கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் உள்ள பங்கு, 10 முதல் 20 சதவீதமாக உள்ள வரண்ட காற்றில், கம்பளத்தின்மீது நடப்பவர் உடலில் 35,000 வோல்ற்று வரை எழலாம். 65 முதல் 90 சதவீதமாயின் அதுவே 1500 ஆகக் குறைகின்றது. மேசைமேற் கிடக்கும் சாதாரண பொலித்தீன் பையை எடுக்கும்பொழுது வரண்ட காற்றில் 20,000 வோல்ற்றும், ஈரக்காற்றில் 1200 வோல்ற்றும் எழலாம் என அந்நூல் கூறுகின்றது. நமது ஊர்க் காற்று ஈரமானது, நமக்கென்ன பயம் என்று எண்ணுவோர் அவ்விறுதி எண்ணை மனத்திற் கொள்க. 1200 என்பது 100 இன் பன்னிரு மடங்கு.

சேதம் உடனே தெரிந்துவிட்டாலும் நன்று. சில வேளைகளில் அடிபட்ட சில்லு முற்றாக இறவாமற் குற்றுயிராய் நின்று இயங்கும். சோதனையிலும் தேறிவிடும். பின்னர், எவரும் எதிர்பாராத ஒரு நாளில் நின்றுவிடும். வாசிகசாலைத் தகட்டுக்கு நேர்ந்தது இதுவாயிருக்கலாம், வேறொன்றாயும் இருக்கலாம். நின்றது கணினியாயின் பணம் போயிற்று என்று ஆறலாம். மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூச்சைக் காக்கும் பொறியாயின் என் செய்வது? ஆகவே சேதத்தின் பின்னர் காரணம் தேடுவதைக் காட்டிலும், காக்கும் உறையை முன்னரே சோதிப்பது அறிவுடைமையாகும்.

மூவகைப் பைகள்

இதோ, மூன்று பைகளை உங்கள் முன் வைத்திருக்கின்றோம். முதலாவது சாதாரண பொலித்தீன்; நல்ல காவலி. எளிதில் ஏற்றம் பெறும், எளிதில் விடாது. சில்லுக்குப் பகை.

இரண்டாவது இளஞ்சிவப்புப் பை. இதுவும் பொலித்தீனே. ஆனால் உருக்கும்பொழுது ஒரு சேர்பொருளைக் கலந்துள்ளனர். அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து காற்றின் ஈரத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும். அவ்வீரத்தின் வழியே ஏற்றம் கசியும். சிவப்பு நிறத்துக்குத் தனியே எவ்விதக் காக்கும் ஆற்றலும் இல்லை. வகையை அறிவதற்காகச் சாயம் சேர்த்துள்ளனர், அவ்வளவே.

மூன்றாவது வெள்ளி போல் மினுங்கும் பை. இதன் வெளிப்புறம் பொலியெசுத்தர்ப் படை. நடுவிலே ஆவியாக்கிப் படியவிட்ட மிக மெல்லிய அலுமினியப் படை. உட்புறம் ஏற்றத்தை மெல்லக் கசியவிடும் பொலித்தீன். அலுமினியம் அத்துணை மெல்லியதாகையால் பையினூடே உள்ளிருப்பதைப் பார்க்கலாம்.

கடைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் 'அன்ரிஸ்ராற்றிக் பை' என்ற ஒரே பெயரால் விற்கின்றனர். குழப்பம் இங்கேதான் தொடங்குகின்றது. அப்பெயர், உராய்வில் ஏற்றம் எளிதிற் பெறாமை என்ற ஒரு குணத்தையே குறிப்பது. காக்கும் உறைக்கு வேண்டிய குணங்களோ பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேள்வியும் தனித்தனிச் சோதனையும் உண்டு.

நான்கு கேள்விகள்

முதலாவது கேள்வி: ஏற்றம் ஓடுவதற்கு இப்பையின் மேற்பரப்பில் வழி உண்டா? இதனை அறிய மேற்பரப்புத் தடையை அளப்பர். நடுவில் வட்டமும் அதனைச் சூழ வளையமுமாக அமைந்த, ஏறக்குறைய இரண்டேகால் கிலோ நிறையுள்ள மின்வாயொன்றைப் பையின்மேல் வைத்து, 100 வோல்ற்று அழுத்தங் கொடுத்து, வட்டத்துக்கும் வளையத்துக்கும் இடையில் ஓடும் மின்னை அளப்பர். உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் அளத்தல் வேண்டும். தடை 10,000 ஓமிலும் குறைந்தால் கடத்தும் வகை. 10,000 ஓம் தொடக்கம் 10,000 கோடி ஓமுக்கு உட்பட்டதாயின் மெல்லக் கசியவிடும் வகை. அதற்கு மேற்பட்டதெல்லாம் காவலி. இது எஸ்541 என்னும் நியமத்தின் பாகுபாடு.

10,000 கோடி என்ற எல்லை எங்ஙனம் வந்தது என இளைஞர்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் ஏற்றம் வடியும் காலத்தின் அளவு கிடைக்கும். ஒரு சிறு பொருளின் கொள்ளளவம் 10 பிக்கோபரட்டு எனக் கொள்வோம். தடை 10,000 கோடி ஓமாயின் காலம் 1 செக்கன். தடை 100 கோடி ஓமாயின் செக்கனில் நூற்றிலொரு பங்கு. தடை 10 இலட்சம் கோடி ஓமாயின் 100 செக்கன். மனிதன் ஒரு பொருளை எடுத்து வைக்கும் வேகத்துக்கு 1 செக்கன் போதும். 100 செக்கன் போதாது. எல்லையின் பொருத்தம் இதனால் விளங்கும்.

இரண்டாவது கேள்வி: ஏறிய ஏற்றம் எத்துணை விரைவில் வடியும்? மேற்கூறியது கணக்கு, இது நேரடிச் சோதனை. தகட்டின் ஒரு துண்டை இரு பற்றிகளிடையே பிடித்து 5000 வோல்ற்று வரை ஏற்றி, பின்னர் நிலத்தோடு தொடுத்து, அது நூற்றிலொரு பங்காகக் குறைய எடுக்கும் நேரத்தைப் பார்ப்பர். அமெரிக்கப் படைத்துறை நியமப்படி 2 செக்கனுக்கு மேற்படலாகாது. ஆயினும் வெள்ளிப்பையை இம்முறையாற் சோதிப்போர் ஏமாறலாம். நடுவிலுள்ள அலுமினியம் மானியின் கண்ணை மறைத்து, மேற்பரப்பு நல்லதென்று காட்டிவிடும்.

மூன்றாவது கேள்வி: உள்ளிருக்கும் பொருள் உறையோடு உராயும்பொழுது எவ்வளவு ஏற்றம் பிறக்கின்றது? இதற்கொரு முறை, சாய்தளமொன்றின்மேல் தகட்டை விரித்து, படிகக்கல், தெவ்லோன் ஆகியவற்றாலான உருளைகளை அதன்மேல் உருளவிட்டு, அடியிலுள்ள உலோகக் கிண்ணத்தில் விழச்செய்து, அவை கொண்டுவரும் ஏற்றத்தை அளத்தலாகும். அக்கிண்ணத்துக்குப் பரடேயின் கிண்ணம் என்று பெயர். மைக்கேல் பரடே 1843 இல் ஒரு பனிக்கட்டி வாளியை வைத்துச் செய்த பரிசோதனையின் வழிவந்தது அது. கொல்லன் மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டும் பட்டறையில் வேலை பழகிய பரடேயின் வாளி, இன்றும் இக்கலையிற் பயன்படுவது நம் இளைஞர்களுக்கு ஊக்கந் தரவேண்டும்.

நான்காவது கேள்வி: வெளியே மின் பாய்ந்தால் உள்ளே எவ்வளவு நுழையும்? இதற்கும் பரடேயே வழிகாட்டினார். 1836 இல் இலண்டனில் 12 அடிச் சதுரப் பெட்டியொன்றை உலோகத்தால் மூடுவித்துத் தாமே அதனுட் புகுந்திருந்து, வெளியே வலிய மின்னேற்றம் ஏற்றியபொழுதும் உள்ளிருந்த மின்காட்டிகள் அசையாமை கண்டார். வெள்ளிப்பையின் அலுமினியப் படை அப்பெட்டியின் சிறுவடிவமே. சோதிக்கும் முறை இது: மனிதவுடலுக்கு ஒப்பாக 100 பிக்கோபரட்டுக் கொள்ளளவியை 1000 வோல்ற்றுக்கு ஏற்றி, 1500 ஓம் தடையினூடாகப் பையின் வெளிப்புறத்திற் பாயவிடுவர். பையினுள் வைத்த உணரி எவ்வளவு சக்தியைப் பெற்றதென அளப்பர். அது 20 நனோயூலுக்குக் குறைதல் வேண்டும். கொள்ளளவியில் நின்ற சக்தி 50,000 நனோயூல். ஆகவே 2500 இல் ஒரு பங்குக்குக் குறைவாகவே உள்ளே புக அனுமதி. இளஞ்சிவப்புப் பையில் உலோகப்படை இல்லாமையால் இச்சோதனையில் அது தேற வழியில்லை. முதல் மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை தந்த பை, நான்காவதில் வெறுங் கடதாசியை ஒத்துவிடுகின்றது.

வரட்சியே உரைகல்

இனி, முன்னர் சொல்லாது விட்ட ஈரத்தின் கதைக்கு வருவோம். இச்சோதனைகளுக்கு முன்னர் பைத்துண்டுகளை 23 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 12 சதவீதச் சாரீரப்பதனில், 48 மணி நேரமாயினும் வைத்திருத்தல் வேண்டும் என நியமம் விதிக்கின்றது. சோதனையும் அவ்வரண்ட காற்றிலேயே நடைபெறும். ஏன் இத்துணைக் கடுமை? யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சாரீரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்பது. நமக்கு 12 எதற்கு?

விடை இரண்டு. ஒன்று, பை நம்மூரில் மட்டும் இருப்பதில்லை. குளிர்நாட்டில் 10 பாகை உறைநிலைக்குக் கீழ் நிற்கும் காற்றை, அது நீராவியால் நிறைந்ததாயினும், வீட்டினுள்ளே 23 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் ஏறக்குறைய 10 சதவீதமாகிவிடும். பறக்கும் விமானத்தினுட் காற்றும் மிக வரண்டது. சில்லுகள் அத்தகைய காற்றுகளையும் கடந்தே நம்மை வந்தடைகின்றன.

மற்றையது இன்னும் முதன்மையானது. இளஞ்சிவப்புப் பை காற்றின் ஈரத்தைக் கொண்டே வேலை செய்கின்றது. மழைக்காலத்தில் நமது மேசையில் வைத்து அளந்தால் மிக நன்றாகத் தேறும். சாதாரண பொலித்தீன்கூட அழுக்கும் ஈரமும் படிந்திருந்தால் ஓரளவு நன்றாகத் தோன்றக்கூடும். அது பையின் குணமன்று. காற்று கொடுத்த கடன். அக்கடனை மீளப் பெற்ற பின்னர் பை தன் சொந்தக் காலில் நிற்கின்றதா எனப் பார்ப்பதற்கே 48 மணி நேர வரட்சி. நமது ஈரக்காற்றிற் செய்த சோதனையின் அறிக்கையை மட்டும் நம்பிப் பையை வாங்குவோர், மாரியிற் குளம் நிறைந்திருக்கக் கண்டு, கோடையிலும் நீர் நிற்கும் என நம்பிப் பயிரிடுவோரை ஒப்பர்.

காலமும் ஓர் ஈரமே. இளஞ்சிவப்புப் பையின் சேர்பொருள் நாளடைவில் தேய்ந்தும் துடைபட்டும் குறைகின்றது. வெள்ளிப்பை மடிந்து கசங்கும்பொழுது அலுமினியப் படை வெடிக்கின்றது. ஆகவே இன்று தேறிய பை அடுத்த ஆண்டும் தேறும் என்பதற்கில்லை.

சோதனை போலத் தோன்றுவன

சிலர் கைத்தொலைபேசியை வெள்ளிப்பையில் இட்டு, அழைப்பு வருகின்றதா எனப் பார்த்து, வந்தால் பை கூடாது, வராவிட்டால் பை நல்லது என்கின்றனர். அது வானொலி அலையைத் தடுக்கும் ஆற்றலைப் பற்றிய செய்தி. நிலைமின் பாய்வைப் பற்றி அது எதுவும் நிறுவாது.

வேறு சிலர் பல்மானியின் இரு ஊசிகளையும் பைமேல் வைத்துப் பார்க்கின்றனர். நாமும் முதலில் அதனையே செய்தோம் என ஒப்புக்கொள்கின்றோம். மூன்று பைகளுக்கும் முள் அசையவில்லை. மூன்றும் ஒன்றே என்று முடிவுகட்டியிருப்போம்! சாதாரண பல்மானி சில கோடி ஓமுக்கு மேல் அளக்கமாட்டாது. 10,000 கோடி ஓம் தடையினூடு 100 வோல்ற்றுச் செலுத்தும் மின், ஓர் அம்பியரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனைக் காணத் தக்க கருவி வேறு. குறையுள்ள கருவியால் அளந்து பெற்ற விடை, அளக்காமையினும் தீது. அளந்துவிட்டோம் என்ற நம்பிக்கையை அது தந்துவிடுகின்றது.

இன்னுஞ் சிலர், உலோகம் நல்லதாயின் சமையலறை அலுமினியத் தாளிலேயே சுற்றலாமே என்பர். வெளியிலிருந்து வருவதை அது தடுக்கும் என்பது மெய். ஆனால் ஏற்றம் பெற்ற சில்லொன்று வெறும் உலோகத்தைத் தொட்டால் அதன் ஏற்றம் ஒரே கணத்திற் பாய்ந்து அதனையே சுட்டுவிடும். தகட்டில் மின்கலம் இருப்பின் குறுஞ்சுற்றும் நேரும். உட்புறத்தை மெல்லக் கசியவிடும் பொருளால் அமைத்திருப்பது இதற்காகவே. தடை மிகுதலும் தீது, மிகக் குறைதலும் தீது.

நிறத்தையும் பெயரையும் நம்புவதைப் பற்றி ஒரு சொல். மிசன் கல்லூரி வேதாகம வகுப்பில் வெள்ளையடித்த கல்லறையின் உவமையைக் கேட்டோம். வீட்டிலே அப்பாச்சி எட்டிப்பழத்தின் அழகைச் சொல்லி எச்சரிப்பார். இரு பள்ளிகளும் எமக்குக் கற்பித்தது ஒன்றே. ஆயினும் கடையிற் பையைப் பார்த்தபொழுது அதன் நிறத்தையே நம்பினோம்.

நாம் செய்யத்தக்கவை

நம் மன்றத்து இளைஞர் பலர் கைத்தொலைபேசி, கணினி திருத்தும் தொழிலில் இருக்கின்றனர். அவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உறுப்பை அது வந்த வெள்ளிப்பையிலேயே வைத்து, வாயை மடித்து மூடுங்கள். திறந்த வாயுள்ள பை கூரையில்லாத வீடு. கசங்கியதையும் துளைபட்டதையும் எறிந்துவிடுங்கள். இளஞ்சிவப்புப் பையை உட்சுற்றாக மட்டும் பயன்படுத்துங்கள். வெள்ளிப்பையின்மேல் தகட்டை வைத்து மின் கொடுத்துப் பார்க்காதீர்கள், அது மேசையன்று. பையைத் திறக்குமுன் 10 இலட்சம் ஓம் தடையுள்ள மணிக்கட்டுப் பட்டியை அணிந்து நிலத்தோடு தொடுத்துக்கொள்ளுங்கள். அத்தடை உங்கள் உயிருக்குக் காவல்.

மொத்தமாகப் பை வாங்குவோர் விலையை மட்டும் கேளாது, நான்கு சோதனைகளில் எவை செய்யப்பட்டன, எந்தச் சாரீரப்பதனில், எத்தனை மணி நேரம் உலர்த்திய பின்னர், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். அறிக்கை காட்டாதவரிடம் வாங்காதீர்கள். கேட்போர் தொகை பெருகினால் விற்போரும் சோதித்தே தீர்வர்.

பெரியோர்களே, வாசிகசாலைக்கு இரண்டாவது தகட்டை வாங்கியபொழுது அதன் விலையை நாமே கொடுக்க முயன்றோம். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். "காசு வேண்டாம் தம்பியவை. விசயத்தைப் படிச்சு வந்து எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்றார். அவர் இன்று இக்கூட்டத்திலே வந்திருக்கின்றார். ஐயா, எது காக்கும், எது காக்காது என்று நீங்கள் கேட்டீர்கள். பார்த்து அறிய முடியாது. தொட்டு அறிய முடியாது. உலர்த்தி வைத்து, நான்கு கேள்விகளையும் தக்க கருவியோடு கேட்டே அறிய முடியும். இதுவே எமது விடை.

முதல் தகடு எதனால் நின்றது என்பதை இனி எவராலும் அறிய முடியாது. அதனை மறைக்காமற் சொல்வதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே எனக் கருதுகின்றோம். அடுத்த தகட்டைக் காப்பது நம் கையில் உள்ளது.